புதிய நிலத்தின் எழுத்து

சென்ற பருவத்தில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க நாடகத்துக்கு நான்தான் சுவரொட்டி தயாரித்தேன். ரப்பர் தோட்டத்தில் நடக்கும் கதை. தடிப்பாகவும் கரடுமுரடாகவும் இருந்ததால் ஆங்கிலத் தலைப்புக்கு 'நொய்லாண்ட்' என்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பார்த்த தோழி, நாடகத்தில் டைனோசர் வருமா என்று கேட்டுச் சிரித்தாள். 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் தலைப்பு அந்த எழுத்துருவில் அமைந்ததுதான். வெட்கத்தோடு, அதை உருவாக்கியவரைத் தேடிப் படித்தேன்.

ருடோல்ஃப் கோக் 1876-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவர், ஹானாவ் நகரின் உலோகப் பட்டறை ஒன்றில் தொழில் பழகினார். 1906-இல் ஓஃபென்பாக் நகரிலிருந்த கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அச்செழுத்துகள் ஈயக் கலவையில் வார்க்கப்பட்டன. எழுத்துரு என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது.

கூர்முனைகள் கொண்ட கரிய 'காத்திக்' எழுத்தில் நூல்களை அச்சிடுவது ஜெர்மானியரின் பல நூற்றாண்டு வழக்கம். அகலமுனைப் பேனாவால் அந்த எழுத்தை எழுதித் தேர்ந்த கோக், 1910-இல் தமது முதல் காத்திக் எழுத்துருவை வெளியிட்டார். முதல் உலகப் போரில் படைவீரராகவும் பணியாற்றினார்.

நொய்லாண்ட் 1923-இல் வந்தது. 'புதிய நிலம்' என்பது அதன் பொருள். பொதுவாக ஒருவர் எழுத்தை வரைவார். வேறொரு கைவினைஞர் அதை உலோகத்தில் செதுக்குவார். கோக் முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், தாமே நேரடியாக உலோகத்தில் செதுக்கினார். அதனால் ஓர் அளவில் உள்ள எழுத்து இன்னோர் அளவில் சற்றே மாறியிருக்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் மட்டுமே அதில் உண்டு. காத்திக்கின் கருமையும் கனமும் இருந்தன, அலங்காரம் இல்லை. பத்திகளுக்கு அது பொருந்தாது; தலைப்புகளில்தான் எடுபடும்.

கைவேலையில் ஊறிய அதே கோக், 1927-இல் அளவுகோலும் வட்டமும் கொண்டு அமைத்ததுபோன்ற நேர்த்தியான 'காபெல்' எழுத்துருவையும் தந்தார். 1934-இல் ஓஃபென்பாக்கில் காலமானார்.

பிறகு நொய்லாண்டின் கதை திசைமாறியது. ஆப்பிரிக்கா பற்றிய நூல் அட்டைகளிலும், காடு, விலங்கு, சாகசம் தொடர்பான விளம்பரங்களிலும் அது மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. கரடுமுரடான எழுத்து என்றால் நாகரிகம் எட்டாத இடம் என்ற எண்ணம் அதில் ஏறிக்கொண்டது. ஒரு கண்டத்தின் எழுத்தாளர்கள் எழுதிய எல்லாவற்றுக்கும் ஒரே 'காட்டு' முகம். கோக் அதில் காட்டைச் செதுக்கவில்லை. நாம்தான் ஏற்றிவைத்தோம்.

அதைத்தான் நானும் செய்திருந்தேன். என் பாட்டி விடியற்காலையில் எழுந்து பால் மரம் சீவிய தோட்டத்தை, யோசிக்காமல் ஒரு வனமாகக் காட்டிவிட்டேன்.

சுவரொட்டியை மாற்றினேன். இம்முறை கணினியின் பட்டியலில் தேடவில்லை. தூரிகையை எடுத்துத் தலைப்பை நானே எழுதினேன். கோடுகள் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் ஒவ்வோர் எழுத்தையும் ஏன் அப்படி எழுதினேன் என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.