200 ராத்தல் உடம்போடு கடலை நீந்திக் கடந்த காப்டன்

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது கோட்டக்குப்பம். அங்கிருந்து கரை வழியே இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்தக் கரையில் பிறந்த மீனவப் பிள்ளைகளுக்கு நீச்சல் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் கொஞ்சம் பருத்த பையன் ஒருவன் கரையில் வந்து நின்றால், இவன் எங்கே நீந்தப் போகிறான் என்று கேலி செய்ய நாலு பேர் இருப்பார்கள்.

அந்தக் கேலிக்கு 1875-ம் ஆண்டிலேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். வாயால் அல்ல, கையாலும் காலாலும்! அவர் பெயர் காப்டன் மாத்யூ வெப்.

டாக்டர் மகன்

வெப் இங்கிலாந்தில் டாலி என்ற ஊரில் 1848-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி பிறந்தார். தகப்பனார் டாக்டர். வீடு நிறையப் பிள்ளைகள். பக்கத்தில் ஓடும் செவர்ன் ஆற்றில்தான் வெப் நீந்தக் கற்றார். அதே ஆற்றில் ஒரு நாள் அவருடைய தம்பி மூழ்கப் போனான். வெப் அவனை இழுத்துக் கரை சேர்த்தார்.

12 வயதில் கப்பல் வேலை பழகப் போனார். பிறகு கடலே அவருக்கு வீடாயிற்று.

1873-ம் ஆண்டு. நியூயார்க்கில் இருந்து லிவர்பூலுக்கு "ரஷ்யா" என்ற கப்பல் போய்க்கொண்டு இருந்தது. அதில் வெப் வேலை பார்த்தார். நடுக்கடலில் ஒரு மாலுமி தவறி விழுந்தான். ஓடும் கப்பலில் இருந்து வெப் குதித்தார். அலையில் நெடுநேரம் தேடினார். மாலுமி அகப்படவில்லை. வெப்பை மட்டுமே தூக்கி வர முடிந்தது. உயிரைக் காப்பாற்ற முடியாமல் போனாலும் இந்தத் துணிச்சலுக்காக 100 பவுன் பரிசும், ஸ்டான்ஹோப் பதக்கமும் கிடைத்தன. அந்தப் பதக்கத்தை முதன் முதலில் பெற்றவர் அவர்தான்.

குளிருக்குக் கவசம்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கிறது இங்கிலீஷ் கால்வாய். கால்வாய் என்று பெயரே தவிர, அது கடல். மிகக் குறுகிய இடத்திலேயே 21 மைல் அகலம். 1872-ல் ஜான்சன் என்பவர் அதை நீந்திக் கடக்க முயன்று தோற்றார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தார் வெப். அப்போது அவர் ஒரு கப்பலுக்குக் காப்டன். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு நீந்திப் பழகத் தொடங்கினார்!

அவர் உயரம் 5 அடி 8 அங்குலம். எடையோ சுமார் 200 ராத்தல். அதாவது 90 கிலோ. அகன்ற மார்பு, தடித்த உடம்பு. ஓட்டப் பந்தயத்துக்கு இந்த உடம்பு ஆகாது. ஓடும்போது அடிக்கு அடி எடை முழுவதையும் முழங்கால் தாங்க வேண்டும். தண்ணீரில் கதை வேறு.

ரசத்தில் எண்ணெய் மேலே மிதப்பதை வீட்டில் பார்க்கிறோம். உடம்பில் உள்ள கொழுப்பும் அப்படித்தான்; தண்ணீரைவிட லேசானது. உப்பும் கை கொடுக்கும். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பளப் பாத்தியில் வெயிலில் வற்றித் தடித்த நீரில் அதே முட்டை மிதக்கும். கடல் நீர் அவ்வளவு தடிப்பு இல்லை என்றாலும், ஆற்றைவிடக் கடல் ஆளை நன்றாகத் தூக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பகை குளிர். கோட்டக்குப்பம் கடலில் கால் வைத்தால் இதமாக இருக்கும். இங்கிலீஷ் கால்வாய் கோடையிலும் உடம்பை விறைக்க வைக்கும். காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக உடற்சூட்டை உறிஞ்சும். மெலிந்தவர் சீக்கிரம் நடுங்கிவிடுவார். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு கம்பளி போலச் சூட்டைக் காக்கும். கேலிக்கு ஆளான உடம்பே வெப்புக்குக் கவசம் ஆயிற்று. உடம்பு மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். லண்டன் குளத்திலும், தேம்ஸ் ஆற்றிலும், பிறகு கடலிலுமாகப் பயிற்சி செய்துகொண்டே இருந்தார்.

இந்தக் காலத்தில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் "டிரையத்லான்" போட்டி நடக்கிறது. அமெரிக்காவில் அதிலே கனத்த ஆண்களுக்கு என்று தனிப் பிரிவே வைத்தார்கள். பார வண்டி இழுக்கும் கிளைட்ஸ்டேல் என்ற குதிரையின் பெயர்தான் அந்தப் பிரிவுக்கும்!

இரவும் பகலும்

1875 ஆகஸ்ட் 12-ந் தேதி வெப் முதல் முறை கடலில் இறங்கினார். காற்றும் அலையும் விடவில்லை. பாதியில் திரும்ப நேர்ந்தது.

12 நாள் கழித்து மறுபடி வந்தார். ஆகஸ்ட் 24, பகல் 1 மணிக்குச் சற்று முன்பு. உடம்பெல்லாம் கடற்பன்றி எண்ணெய் பூசிக்கொண்டு டோவர் துறைமுகத்தில் இருந்து குதித்தார். கூடவே மூன்று படகுகள்.

தவளை நீச்சல்தான் நீந்தினார். அவசரமே இல்லை. படகில் இருந்து காப்பி, மாட்டு இறைச்சிச் சாறு, பிராந்தி எல்லாம் கொடுத்தார்கள். தண்ணீரில் இருந்தபடியே குடித்தார். இருட்டிய பிறகு சொறி மீன் கொட்டியது. அந்த எரிச்சல் எப்படி என்று நம் மீனவர்களைக் கேட்டால் தெரியும். வெப் திரும்பவில்லை.

விடிந்தது. பிரான்சுக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் சோதனை வந்தது. நீரோட்டம் மாறி அவரைப் பக்கவாட்டில் தள்ளியது. கரை எதிரிலேயே இருந்தும் சுமார் 5 மணி நேரம் அதை நெருங்க முடியவில்லை! ஒரு கை போட்டால் அரைக் கை பின்னே போகும் நிலை. இந்த நேரத்தில் எத்தனையோ பேர் படகைப் பிடித்திருப்பார்கள். வெப் பிடிக்கவில்லை.

25-ந் தேதி காலை 10 மணி 41 நிமிடம். கலே நகருக்குப் பக்கத்தில் மணலில் கால் ஊன்றினார். ஆன நேரம் 21 மணி 45 நிமிடம். வளைந்து வளைந்து வந்ததால் 21 மைல் தூரம் 39 மைல் ஆகிவிட்டது.

அதன் பிறகு 36 ஆண்டு வரை யாராலும் அதைச் செய்ய முடியவில்லை. 1911-ல்தான் பர்ஜஸ் என்பவர் கடந்தார். இந்தியர்களில் மிகிர் சென் 1958-ல் வென்றார். பாக் ஜலசந்தியை இரு வழியும் நீந்திய ஈழத் தமிழர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1984-ல் இதே கால்வாயில் நீந்தும்போது உயிர் இழந்தார்.

புகழும் பசியும்

ஊரெல்லாம் வெப் பேச்சாயிற்று. தீப்பெட்டியிலும் அவர் பெயர். நீச்சலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஆனால் கைதட்டல் அடுப்பு எரிக்காது. 1880-ல் திருமணம் ஆயிற்று; இரண்டு குழந்தைகள் பிறந்தன. குடும்பம் நடத்த வித்தை காட்ட வேண்டி வந்தது. பணம் கொடுத்தவர்கள் பார்க்க, தண்ணீர்த் தொட்டியில் 128 மணி நேரம் மிதந்தார். கடலைக் கடந்தவருக்குத் தொட்டி!

ஓய்வு இல்லாமல் உடம்பு நைந்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் அமெரிக்காவின் நயாகரா மீது கண் வைத்தார். அருவிக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் கொதிப்பது போல ஓடும் வெள்ளம் அது. அங்கே மிதக்கும் உடம்பும் உதவாது. சூடு காக்கும் கொழுப்பும் உதவாது. வேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு. பணம் சேரும் என்று வெப் நம்பினார்.

1883 ஜூலை 24-ந் தேதி மாலை சிறு படகில் இருந்து குதித்தார். முதல் வெள்ளத்தை எப்படியோ தாண்டினார். அடுத்து இருந்த பெருஞ்சுழி அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. நாலு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அப்போது அவருக்கு 35 வயது. நயாகரா ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

பிறந்த ஊரான டாலியில் 1909-ம் ஆண்டு அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். திறந்து வைத்தவர் அவருடைய சகோதரர்.