முத்துலட்சுமி அம்மாவும் நம்ம நூறு ரூபாய் அபராதமும்



நம்ம கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு பெரியவங்களோட வாழ்க்கை வரலாறு வேணும்னு செயற்குழுவில் கேட்டப்போ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பற்றி நான் எழுதித் தரேன்னு கையைத் தூக்கிட்டேன். நம்ம ஊர்ப் பெண்களில் அந்தப் பேர் தெரியாதவங்க யாரும் இல்லை. ஆனா பேர் மட்டும்தான் தெரியும். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் தரும் மகப்பேறு உதவித்தொகை அவங்க பேரில் இருக்கிறதால, முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சாக்கா, நர்சம்மா பதிவு பண்ணிட்டாங்களாக்கான்னு கேட்டுக்கிட்டே இருப்போம். என் மகளின் முதல் பிரசவத்துக்கு அந்தப் பணத்தை வாங்கினவள்தான் நானும். அவங்க யாரு, என்ன செய்தாங்கன்னு அன்னைக்கு ஒரு நிமிஷம்கூட யோசிச்சதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

போன வருஷம் நம்ம தீர்மானப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் ஏறினது உங்களுக்கு நினைவிருக்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொதுவேலைக்கு எல்லாக் குழு உறுப்பினரும் வரணும், பள்ளிக்கூடச் சுற்றுப்புறம், வாய்க்கால், அங்கன்வாடி வாசல் எல்லாம் சுத்தம் பண்ணணும், வராதவங்க 100 ரூபாய் அபராதம் கட்டணும். அதை முன்மொழிந்தது நான்தான். கடன் வாங்க மட்டும் குழு வேணும், ஊருக்கு ஒரு துடைப்பம் தூக்க ஆள் இல்லையான்னு கோபமாவே பேசினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு அக்கா (பேர் வேண்டாம், செங்கல் சூளைக்குப் போறவங்க) 300 ரூபாயை மேஜையில் வச்சிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போனாங்க. அடுத்த கூட்டத்துக்கு அவங்க வரலை. குழுவிலிருந்து விலகிக்கறேன்னு ஒரு கடிதம்தான் வந்தது.

எனக்கு உறுத்தலா இருந்தது. ஆனாலும் நான் சொன்னது சரிதான்னு மனசு வாதாடிக்கிட்டே இருந்தது. ஊருக்காக வாழ்ந்த ஒரு அம்மாவின் கதையை மலரில் எழுதினா, பொதுவேலைக்கு வராதவங்களுக்குக் கொஞ்சம் உறைக்கும்னு நினைச்சுத்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முத்துலட்சுமி அம்மா 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த அம்மாவோடு குடும்பம் நடத்தியதற்காக அப்பாவை அவர் வீட்டார் ஒதுக்கி வைத்தார்கள். பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்கு மேல் படிக்க ஊரில் இருந்தது ஆண்கள் கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. தாயாரின் குலத்தைச் சொல்லியும் பேசினார்கள். கடைசியில் மகாராஜாவே தலையிட்டு இடம் கொடுத்தார்.

1907-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். அந்தக் காலத்தில் நம் நாட்டுப் பெண்களில் டாக்டருக்குப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தான் செய்ய நினைக்கும் காரியத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டார். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமூச்சும் வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படிக் கேட்க வாய்த்தது? வாய்த்திருந்தால் எத்தனை பேர் கூட்டத்துக்கு நேரத்தோடு வந்திருப்போம்?

அவர் அங்கேயே நின்றிருக்கலாம். நல்ல தொழில், நல்ல குடும்பம், சென்னையில் மரியாதை. யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1926-ல் இந்திய மாதர் சங்கத்தார் அவரைச் சென்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப முயற்சி எடுத்தபோது அவரே தயங்கினார். மருத்துவத் தொழில் கெடுமே என்பதுதான் தயக்கம். எனக்கு முதல் ஆச்சரியம் இங்கேதான். சேவைன்னா இந்த மாதிரி ஆட்கள் ஓடிப்போய் நிற்பாங்கன்னு நினைச்சிருந்தேன். இவங்களும் நம்ம மாதிரியே வேலை கெட்டுப்போகுமேன்னு யோசிச்சிருக்காங்க. யோசிச்சதுக்காக அவங்களுக்கு யாரும் அபராதம் போடலை.

ஒத்துக்கொண்டு போன பிறகு சும்மா உட்காரவில்லை. சென்னைச் சட்டமன்றத்துக்குள் போன முதல் பெண் உறுப்பினர் அவர்தான். 1927-ல் சபையின் துணைத் தலைவராகவும் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைக் கல்யாணத்தைத் தடுப்பது என்று பல காரியங்களுக்குப் பேசினார். அவற்றையெல்லாம் இங்கே எழுதினால் இடம் போதாது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லணும். கூட்டமைப்பின் கணக்கு எழுதுறவள் என்பதால் இந்த இடத்தை நாலு தடவை படித்தேன்.

பொட்டுக்கட்டு என்று ஒரு வழக்கம் இருந்தது. சின்னப் பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அவள் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. கோயிலில் ஆடுவதும் பாடுவதும் விளக்கெடுப்பதும் அவள் கடமை. பேர் என்னவோ சாமிக்குச் சேவை. ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பெண்கள் பலரைப் பணக்காரர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது தெரிந்ததுதான். இதிலிருந்து ஏன் வெளியே வர முடியவில்லை? பல குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. கோயில் வேலை செய்கிறவரை நிலம் உண்டு. வேலையை விட்டால் நிலம் போய்விடும். அதனால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியே ஆகணும், இல்லாவிட்டால் வீட்டுக்குச் சோறில்லை.

முத்துலட்சுமி அம்மா முதலில் கை வைத்தது இந்த முடிச்சில்தான். 1929-ல் வந்த சட்டத் திருத்தத்தால் அந்த நிலம் பெண்கள் கையிலேயே இருக்கும், அதற்காகக் கோயில் வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இருக்காது என்று ஆனது. நிலத்தைப் பிடுங்காமல் கட்டாயத்தை மட்டும் அறுத்துவிட்டார். பொட்டுக்கட்டையே தடை செய்யும் சட்டம் நிறைவேற 1947 வரை ஆனது. அது தனிக் கதை.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. நம்ம தீர்மானத்தையும் பொட்டுக்கட்டையும் ஒண்ணாப் பேசுறது பெரிய தப்பு. அது எங்கே, இது எங்கே. ஆனா ஒரு சின்ன விஷயம் குத்திச்சு. குழுவில் இருந்தாத்தான் கடன், பொதுவேலைக்கு வந்தாத்தான் குழுன்னு நானும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கேனே?

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் வரலாறு முழுசாகாது. தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினர் அம்மாவின் முயற்சியை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். எங்கள் பிழைப்பும் கலையும் மானமும் போகுமே என்பது அவர்கள் கவலை. அம்மா அந்தக் குலத்தில் பிறந்த தாயின் மகள், அவர் மனசில் கள்ளம் இல்லை. இருந்தாலும் ஒருத்தருக்கு நல்லது செய்யப்போகும்போது அவங்களைக் கேட்டோமா என்ற கேள்வி அவ்வளவு பெரியவங்களையே விடவில்லை.

1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்துச் சட்டமன்றப் பதவியை விட்டுவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஔவை இல்லம் பிறந்தது. பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த மூன்று பெண்பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை விடுதியில் சேர்க்க அலைந்தார். பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகளில் இடம் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இல்லம் திறக்கணும்னு திட்டம் போட்டு, ரசீது அடித்து, மேடை கட்டி ஆரம்பித்ததில்லை. மூணு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள், அவ்வளவுதான். அப்புறம் அது வளர்ந்து அடையாறில் பள்ளிக்கூடமும் விடுதியுமாக ஆனது. இன்றும் நடக்கிறது.

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை நம்ம ஊரில் தெரியாதவங்க குறைவு. நம்ம கூட்டமைப்பிலேயே இரண்டு பேர் அங்கே வைத்தியம் பார்த்து வந்தவங்க. அதற்கும் இவர்தான் காரணம். இவர் தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்திருந்தார்கள். நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அந்தத் துக்கம் அவரை விடவில்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். அதற்கப்புறம் எத்தனையோ கதவுகளைத் தட்டினார். மாதர் சங்கப் பெண்கள் நிதி திரட்டினார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் வெறும் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது. அப்போது அம்மாவுக்கு 68 வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், இளம் டாக்டராக வந்து சேர்ந்த சாந்தா அம்மாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மா முதல் சில வருஷம் சம்பளமே வாங்கவில்லை.

1956-ல் அரசு அம்மாவுக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1968 ஜூலை 22 அன்று சென்னையில் காலமானார்.

இவ்வளவும் படித்து முடித்த பிறகுதான் அந்தச் சூளை அக்கா வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போனேன். சமாதானம் பேசத்தான் போனேன், கற்றுக்கொள்ளப் போகலை. வீட்டுக்காரர் இடுப்பு அடிபட்டுக் கட்டிலில் கிடந்தார். அடுப்படியில் நாலு பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாங்க. அவங்க பிள்ளைகள் இரண்டுதான். மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தாய் திருப்பூர் பனியன் கம்பெனியில் தங்கி வேலை பார்க்கிறாள், வீட்டில் ஒரு கண் தெரியாத பாட்டி மட்டும்தான். ஒன்றரை வருஷமா ராத்திரிச் சோறு இங்கேதானாம். பாட்டிக்கும் இங்கேயிருந்துதான் போகுது. ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவுக்குத் துணி துவைக்கவும், ஏழு பேருக்கு அரிசி புடைக்கவும் நேரம். நம்ம பொதுவேலை நோட்டில் அவங்க பேருக்கு நேரே நான் மூணு பெருக்கல் குறி போட்டிருந்தேன். இதை ஏன் கூட்டத்தில் சொல்லலைன்னு கேட்டேன். இதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

ஊருக்கு உழைக்கணும்ங்கிற எண்ணமே தேவையில்லைன்னு நான் சொல்ல வரலை. என்னைக் கேட்டா எனக்கு அந்தக் கடன் உண்டு. என் பிள்ளைகள் வேலைக்குப் போயிட்டாங்க, சாயங்காலம் எனக்குச் சும்மாதான் இருக்கு, இந்தக் கூட்டமைப்பு இல்லைன்னா வங்கி வாசலை மிதிச்சிருக்க மாட்டேன். நான் வாய்க்கால் சுத்தம் பண்ண வரலைன்னா என் மனசே என்னைக் கேட்கணும். ஆனா என் மனசு என்னைக் கேட்கிறதை வச்சு இன்னொருத்தர்கிட்ட எப்படி வசூல் பண்றது?

அபராதத் தீர்மானத்தை ரத்து பண்ணலாமான்னு செயற்குழுவில் நானே வச்சேன். எல்லாரும் ஒத்துக்கலை. அபராதம் இல்லைன்னா வர்றவங்களே திரும்பத் திரும்ப வருவாங்க, மத்தவங்க வேடிக்கை பார்ப்பாங்கன்னு நம்ம தலைவி சொன்னதில் நியாயம் இருக்கு. ரத்து பண்ணின முதல் மாசம் முப்பது பேர் வந்த இடத்தில் பதினோரு பேர்தான் வந்தாங்க. இரண்டாவது மாசம் பதினாலு. இதையும் எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன்.

அக்கா விலகல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. 300 ரூபாயைக் கையில் கொடுத்தேன். வாங்கலை. சேமிப்பில் வரவு வச்சிடுங்கன்னு சொன்னாங்க. அவங்க பாஸ்புக்கில் நானே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.