பதிலுக்கும் பக்கம் ஒதுக்கியவர்: தமிழவேள் கோ. சாரங்கபாணி

தொடர்புத்துறை படிக்கும் மாணவர்கள் முதலில் சந்திப்பது ஒரு படத்தைத்தான். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்று பெட்டிகள் வரிசையாக இருக்கும். அம்புக்குறி ஒரே திசையில் போகும். 1948இல் ஹரோல்டு லாஸ்வெல் முன்வைத்த மாதிரி இப்படிப்பட்டது. அதே ஆண்டில் கிளாட் ஷானன், வழியில் செய்தியைக் கெடுக்கும் 'இரைச்சலை'யும் தம் மாதிரியில் காட்டினார். 1954இல் வில்பர் ஷ்ராம், பெறுநரும் பதில் அனுப்புகிறவரே என்று சொல்லி அம்பை வட்டமாக வளைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அந்த வட்டத்தை மலாயாத் தமிழரிடையே நடத்திக் காட்டியவர் கோ. சாரங்கபாணி.

1903இல் திருவாரூரில் பிறந்த அவர், 1924இல் சிங்கப்பூருக்கு வந்து ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். 1929ஆம் ஆண்டு இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றபின், இங்கே சீர்திருத்தக் கருத்துகள் வேகமாகப் பரவின. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. அதில் முன்னணியில் நின்ற சாரங்கபாணி, 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பதால் விலை ஒரு காசுதான்.

அன்றையத் தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டங்கள் உருவானது நம் மலாக்காவில்தான். தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் கங்காணியும் கிராணியும் சொல்வார்கள், தொழிலாளர் கேட்டுக்கொள்வார்கள். திருப்பிக் கேள்வி கேட்க இடமில்லை. அம்பு ஒரே திசையில்தான் போனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பலர். எனவே பத்திரிகை வந்தால் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். ஊடகச் செய்தி முதலில் சிலரை அடைந்து, அவர்கள் வழியாகப் பலரை அடைவதை 'இரு படி ஓட்டம்' என்று பால் லாசர்ஸ்ஃபெல்டு பின்னர் விளக்கினார். நம் தாத்தா பாட்டிகளுக்கு அது அன்றாட நடைமுறை.

செய்தி போய்ச் சேர்ந்தால் போதும் என்று சாரங்கபாணி நினைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைத் தொடங்கினார். அதுவரை பத்திரிகையைப் படிக்க மட்டுமே செய்த பிள்ளைகள் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதி அனுப்பினார்கள். தன் பெயர் அச்சில் வந்ததைப் பார்த்த தோட்டத்துப் பிள்ளை அடுத்த வாரமும் எழுதியது. அப்படி வளர்ந்த பலர் பின்னர் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனார்கள். மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் தோன்றியதும் இந்த வேரிலிருந்துதான்.

பதில் எழுத்தாக மட்டும் வரவில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று அவர் விடாமல் எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதிக்கும் அழைப்பு விடுத்தார். பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் தொடங்கிய அந்தத் துறை இன்று கோலாலம்பூரில் இயங்குகிறது. லாஸ்வெல் கடைசியாகக் கேட்ட 'என்ன விளைவு?' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது கடினம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பத்திரிகை நின்றது. போர் முடிந்ததும் மீண்டும் தொடங்கினார். 1974இல் மறையும்வரை தமிழுக்காகவே உழைத்தார்.

இன்று நம் கைப்பேசியில் ஒரு நாளைக்கு எத்தனையோ செய்திகள் வருகின்றன. பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டு, ஒரு விருப்பக்குறி போட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் பதில்தான், ஆனால் அதில் நம் சிந்தனை இல்லை. மாணவர்களே, மணிமன்றத்தின் வழிவந்த பக்கங்கள் இன்றும் நம் நாளிதழ்களில் இருக்கின்றன. படிப்பதோடு நிற்காமல் எழுதி அனுப்புங்கள்.