பாதாள ரயிலின் தந்தை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பாரிஸ் மாநகரம் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது ஈஃபில் கோபுரம். ஆனால் அந்நகரத்து மக்கள் நாள்தோறும் நம்பி வாழ்வது வானளாவி நிற்கும் கோபுரத்தை அன்று. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் மெட்ரோ என்னும் பாதாள ரயிலை. அதைத் திட்டமிட்டு, தோண்டி, நடத்திக் காட்டிய பெருமகனை அவர்கள் மெட்ரோவின் தந்தை என்று போற்றுகின்றனர். ஃபுல்ஜான்ஸ் பியன்வெனு என்பது அவர் பெயர். இயற்பியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் அவருடைய பொறியியல் திறன் என்னைக் கவர்ந்தது உண்மை. அதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஒரு பாதை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும், யாருக்காக ஓட வேண்டும் என்ற கேள்வி அவர் வாழ்க்கை நெடுகிலும் இருக்கிறது.

இளமையும் இழப்பும்

பிரான்சு நாட்டின் மேற்கே பிரிட்டனிப் பகுதியில் உஸெல் என்னும் சிற்றூரில் 1852-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் பியன்வெனு பிறந்தார். தந்தையார் நோட்டரி. 1870-இல் அப்போது பாரிசிலிருந்த எக்கோல் பொலிடெக்னிக் என்னும் புகழ்பெற்ற கல்விக்கூடத்தில் சேர்ந்தார். பிறகு பாலங்கள், சாலைகள் துறையில் அரசாங்கப் பொறியாளராகி, அலான்சோன் பகுதியில் ரயில் பாதைகள் அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

1881-இல் அந்தப் பணியிடத்திலேயே ஒரு விபத்து நேர்ந்தது. அவருடைய இடக்கை நசுங்கிப்போய், அதை அகற்றவேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 29. உடல் குறைபட்டது என்று உத்தியோகத்திலிருந்து ஒதுங்கியிருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவர் ஒதுங்கவில்லை. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம் ஒற்றைக் கையோடு உழைத்தார். அவர் பெயரை இன்று நாம் அறிவதற்குக் காரணமான பணிகள் எல்லாம் அந்த விபத்துக்குப் பிந்தியவையே!

குன்றின்மேல் ஒரு வடவண்டி

1886-இல் அவர் பாரிசுக்கு வந்தார். தொலைவிலுள்ள ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டங்கள் அவர் பொறுப்பில் நிறைவேறின. அக்காலத்தில் அவர் கைக்கு வந்த மற்றொரு வேலைதான் பெல்வில் வடவண்டி.

பெல்வில் என்பது நகரின் கிழக்கே உள்ள குன்று. 1860-இல்தான் அது பாரிசோடு சேர்க்கப்பட்டது. நகரின் நடுப்பகுதியில் வாழ வழியில்லாத உழைப்பாளிகள் பலர் அங்கே குடியிருந்தனர். காலையில் இறங்கி வேலைக்கு வரவேண்டும். மாலையில் களைத்த கால்களோடு ஏறவேண்டும். செங்குத்தான குறுகிய தெருவில் குதிரை பூட்டிய வண்டிகள் ஏறுவது எளிதன்று.

பியன்வெனு தெருவுக்கடியில் ஒரு கம்பி வடத்தை ஓடவிட்டார். நீராவி இயந்திரம் ஒன்று அந்த வடத்தை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியின் அடியிலுள்ள பிடிப்பு, தண்டவாளத்தின் நடுவே உள்ள இடுக்கு வழியாக அவ்வடத்தைப் பற்றிக்கொண்டால் வண்டி நகரும், விட்டுவிட்டால் நிற்கும். நம் ஊர்த் தேரை மக்கள் வடம்பிடித்து இழுப்பார்கள். இங்கோ வண்டியே வடத்தைப் பிடித்துக்கொண்டு மேலேறியது! 1891-இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி ரிபப்ளிக் சதுக்கத்திலிருந்து குன்றின் மேலுள்ள மாதா கோவில் வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சென்றது. தெரு குறுகலாதலால் பெரும்பாலும் ஒற்றைத் தடமே. எதிரெதிர் வண்டிகள் விலகுவதற்கு மட்டும் ஆங்காங்கே இரட்டைத் தடம். ஆகவே கூட்டம் பெருகியபோது வண்டிகளை வேண்டிய அளவு கூட்டுவதற்கு வழியில்லை. இந்தக் குறையைப் பின்னால் காண்போம்.

மண்ணுக்கடியில்

பாரிசுக்குப் பாதாள ரயில் வேண்டும் என்ற பேச்சு பல்லாண்டுகளாக நடந்துவந்தது. லண்டனில் 1863-இலேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. பாரிசில் காலதாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று, வழக்கு. நாட்டின் பெரிய ரயில் பாதைகளை நகருக்கடியில் இணைக்கவேண்டும் என்று அரசும் ரயில் கம்பெனிகளும் கூறின. நகர மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்கே அது பயன்படவேண்டும் என்று நகராட்சி வாதாடியது. 1895-இல் நகராட்சியின் பக்கம் முடிவாயிற்று. 1900-இல் நடக்கவிருந்த உலகக் கண்காட்சி அனைவரையும் அவசரப்படுத்தியது.

பியன்வெனுவின் திட்டப்படி 1898-இல் வேலை தொடங்கியது. 1900 ஜூலை 19 அன்று போர்த் தெ வென்சேன் முதல் போர்த் மயோ வரை முதல் தடம் திறக்கப்பட்டது. இரண்டாண்டுகூட ஆகவில்லை! எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்; இரண்டாம் வகுப்புக்கு 15 சாந்தீம். அவர் அதோடு நிறைவடையவில்லை. நகரின் எந்த இடத்திலிருந்தும் 400 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒரு நிலையத்தை அடையவேண்டும் என்ற நோக்கத்தோடு 1901-இல் மேலும் பல தடங்களை வகுத்தார்.

சோதனையும் வந்தது. 1903 ஆகஸ்டு 10 அன்று மின்கோளாறினால் ஒரு ரயில் தீப்பற்றி எரிந்தது. மரத்தாலான பெட்டி, புகை, அதன்மேல் விளக்குகளும் அணைந்த இருட்டு. வழி தெரியாமல் 84 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெல்வில்லை ஒட்டிய கூரோன் நிலையத்தில் சிக்கியவர்கள். ரயிலை ஓட்டும் மின்சாரத்திலிருந்தே விளக்குகளும் எரிந்ததால்தான் இருள் சூழ்ந்தது. அதன்பின் விளக்குகளுக்குத் தனி மின்சுற்று அமைத்தார்கள். வெளியேறும் வழிகளுக்கு ஒளிரும் அடையாளங்கள் வைத்தார்கள். மின்சுற்றுப் படம் வரையும்போதெல்லாம் எனக்கு அந்த 84 பேரின் நினைவு வருகிறது. தாளில் நாம் போடும் ஒரு கோட்டில் மனித உயிர்கள் தொங்குகின்றன.

நான்காம் தடம் செயின் நதியைக் கடக்கவேண்டியிருந்தது. பியன்வெனுவின் மேற்பார்வையில் இரும்புக் கூடுகளைக் கரையிலே கட்டி, மிதக்கவிட்டு, ஆற்றின் அடியிலே இறக்கினார்கள். கரையோரத்தில் மண் நீரோடு கலந்து குழைந்திருந்தது. தோண்டினால் சரியும். அதனால் கடுங்குளிரான உப்புக்கரைசலைக் குழாய்கள் வழியே செலுத்தி மண்ணையே உறையவைத்து, பிறகு தோண்டினார்கள்! 1910 ஜனவரியில் ரயில் ஆற்றுக்கடியில் ஓடியது.

தன் படைப்பே பழையதானபோது

இனி அந்த வடவண்டிக்கு வருவோம். முப்பது ஆண்டுகளில் அது தேய்ந்து தளர்ந்தது. குன்றின் மக்கள்தொகைக்கு அதன் சிறிய பெட்டிகள் போதவில்லை. 1924-இல் அது நிறுத்தப்பட்டு, பேருந்துகள் விடப்பட்டன. பின்னர் 1935 ஏப்ரல் 28 அன்று ஷாத்லே முதல் போர்த் தெ லிலா வரை மெட்ரோவின் 11-ஆம் தடம் அதே குன்றைக் குடைந்துகொண்டு ஏறியது. பியன்வெனுவுக்கு அப்போது வயது 83. இளமையில் தாம் அமைத்த பாதையின் இடத்தைத் தாம் வளர்த்த மெட்ரோவே எடுத்துக்கொண்டதை அவர் உயிரோடிருந்த நாளிலேயே உலகம் கண்டது.

நாம் அமைத்தது நிலைக்கவேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் பொதுப்பணியில் நிலைக்கவேண்டியது கருவி அன்று, அது நிறைவேற்றும் தேவை. வடம் போயிற்று, பெல்வில் தொழிலாளி நேரத்தோடு வேலைக்குப் போய்த் திரும்புவது போகவில்லை.

எல்லைக்கு வெளியே

குறையையும் கூறவேண்டும். மெட்ரோ நகராட்சியின் சொத்து. ஆகவே நகர எல்லையோடு அது நின்றது. பெரிய ரயில்கள் உள்ளே நுழைய முடியாதபடி சுரங்கங்களும் சிறியனவாகவே கட்டப்பட்டன. நகரத்துக்குள் 400 மீட்டர் கணக்குப் பார்த்த திட்டம், எல்லைக்கு அப்பால் குடியிருந்தவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1934-இல்தான், அவர் ஓய்வு பெற்ற பிறகு, ஒன்பதாம் தடம் முதன்முதலாக எல்லையைத் தாண்டியது.

இது எனக்குப் புரிகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் ஊர் பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் 3 கிலோமீட்டர். என்னோடு பள்ளியில் படித்து என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கிய பெண் ஒருத்தி கல்லூரிக்கு வரவில்லை. மாலைப் பேருந்தை விட்டு இறங்கி இருட்டில் நடக்க அவளை வீட்டார் அனுப்பவில்லை. எனக்கு அந்த 3 கிலோமீட்டர் கால்வலி; அவளுக்கு அதுவே படிப்பின் முடிவு. ஒரு தடத்தை நீட்டுவதென்பது வெறும் மண் வேலை அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

நல்வரவு

பியன்வெனு 1932 டிசம்பரில், 80-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1933-இல் ஒரு நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1936 ஆகஸ்டு 3 அன்று அவர் மறைந்தார். மோன்பர்னாஸ் நிலையம் இன்றும் அவர் பெயரைச் சேர்த்தே வழங்குகிறது. பிரெஞ்சு மொழியில் அப்பெயரின் ஒலி நல்வரவு என்ற பொருளைத் தருவது இனிய பொருத்தம்!

11-ஆம் தடம் 1937-இல் எல்லையைத் தாண்டி லிலா நகரமன்றம் வரை நீண்டது. செங்குத்தான அதே தடத்தில்தான் 1956-இல் ரப்பர் சக்கர மெட்ரோ ரயில்கள் முதன்முதலாக ஓடின. உராய்வு மிகுதலால் அவை ஏற்றத்தில் நன்றாகப் பிடித்து ஏறும். பிறகு நெடுங்காலம் தடம் அங்கேயே நின்றது. 2024 ஜூன் 13 அன்று ஆறு புதிய நிலையங்களோடு அது ரோனி வரை நீட்டப்பட்டது. லிலாவுக்கு அப்பால் இருந்தவர்கள் 87 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை பொறியாளராகலாம், அலுவலராகலாம், ஆசிரியராகலாம். நம் கையிலும் ஒரு நாள் ஒரு வரைபடம் வரும். அதில் கோடு எங்கே முடிகிறது என்று பார்ப்போம்; முடிந்த இடத்துக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். ஒற்றைக் கையோடு ஒருவர் இவ்வளவு செய்தார். நமக்கு இரண்டு கைகள் இருக்கின்றன.