நாவலரவர்களின் ஆசிரியத் தொடக்கம்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியாருக்கும் புதல்வராய் 1822 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே தோன்றிய ஆறுமுகநாவலரவர்கள், தாம் பயின்ற பேர்சிவல் பாதிரியாரது வித்தியாசாலையிலேயே இளமையில் உபாத்தியாயராய் அமர்ந்து, மேல்வகுப்பாருக்குத் தமிழும் கீழ்வகுப்பாருக்கு ஆங்கிலமும் கற்பித்தார்கள். வகுப்புப் பிரித்து, படிமுறையாகப் பாடம் வகுத்து, அச்சிட்ட புத்தகங்கொண்டு கற்பிக்கும் முறை அங்கே அவர்களுக்குக் கைவந்தது. அவ்வுத்தியோகத்தில் இருந்துகொண்டே, தம்மை அடைந்த சைவப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரங்களிலே வேதனம் பெறாது பாடஞ்சொல்லி வந்தார்கள்.

1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டிலேயே சம்பளம் தந்த உத்தியோகத்தைத் துறந்தார்கள். கொடுத்தற்குப் பொருளில்லாத அக்காலத்தில், அவர்களிடம் கற்ற மாணாக்கர் சிலரே வேதனமின்றி அங்கே உபாத்தியாயராயினர். ஆயினும், சைவச் சிறுவர் கையிற் கொடுத்தற்கேற்ற வாசிப்புப் புத்தகங்கள் இல்லாமை பெருங்குறையாய் நின்றது. அதனை நீக்கும்பொருட்டு 1849 ஆம் ஆண்டு சென்னபட்டணஞ் சென்று அச்சியந்திரம் பெற்று மீண்டு, எளிய வசனநடையிலே பாலபாடங்களை எழுதி அச்சிற் பதிப்பித்தார்கள்.

1879 ஆம் ஆண்டு கார்த்திகையிலே தேகவியோகம் அடையும்வரை, நூல் எழுதுதலும் பதிப்பித்தலுமாகிய அவர்களது பெரும்பணி இடையறாது நடந்தது. அப்பணிக்கு வித்தாயது வகுப்பிலே கண்ட குறையேயாம். ஆசிரியர்காள், தொடக்க ஆண்டுகளிலே நம் மாணாக்கரிடத்து நாம் காணுங் குறைகளையும் குறித்துவைத்தல் நன்று. நம் வாழ்நாட்பணி அவற்றுள் ஒன்றாயிருத்தல் கூடும்.