அட்டையும் கலையே

திரைப்பட இதழின் அட்டை என்றதும் நடிகையின் புன்னகை முகமே நம் நினைவுக்கு வரும். அதற்கு வேறோர் இலக்கணம் வகுத்த ரஷ்யக் கலைஞர் அலெக்சாண்டர் ரோட்சென்கோவை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன்.

1891-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை நாடக அரங்கத் தொழிலாளி. தாய் சலவைத் தொழிலாளி. கசான் நகரில் ஓவியம் பயின்றார். 1921-இல் சிவப்பு, மஞ்சள், நீலம் என ஒரே வண்ணம் பூசிய மூன்று ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். பின்னர், மக்கள் கையில் தவழும் பொருள்களிலேயே கலை வாழ வேண்டும் எனக் கருதி அச்சுக்கலையின் பக்கம் திரும்பினார்.

அடுத்த ஆண்டே 'கினோ-ஃபோட்' என்னும் திரைப்பட இதழுக்கு அட்டை அமைத்தார். பூவேலையும் கொடிச்சுருளும் ஒதுங்கின. தடித்த எழுத்தே தலைமை ஏற்றது. 1924-இல் வெர்டோவின் 'கினோ-கிளாஸ்' படத்துக்கு அவர் தீட்டிய சுவரொட்டியில் பெரியதொரு கண் நம்மை உற்று நோக்குகிறது.

உலகைப் புதுக் கோணத்தில் புகைப்படம் எடுத்ததே பின்னாளில் குற்றமாயிற்று. வெறும் உருவ விளையாட்டு என்று சாடினர். 1931-இல் 'அக்டோபர்' கலைஞர் குழு அவரை விலக்கியது. 1956-இல் மாஸ்கோவில் மறைந்தார். 1998-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.

படித்ததும் தூக்கி எறியப்படும் இதழுக்கும் தம் முழு ஆற்றலைத் தந்தவர் அவர். சிறு பணி என்று எதையும் எண்ணாதிருக்க அவர் வாழ்விலிருந்தே நான் கற்றேன்.