ஆட்டும் நாற்காலி செய்த டாக்டர்



டி.வி. விளம்பரத்தில் கெல்லாக்ஸ் பாக்கெட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்தப் பேரில் அண்ணன், தம்பி இரண்டு பேர் இருந்தாங்க. கம்பெனி வைத்தவர் தம்பி வில். நான் எழுதப்போவது அண்ணன் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் பற்றி. ஏன் இவரைப் பற்றி என்று கடைசியில் சொல்றேன்.

இவர் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 26.02.1852 அன்று பிறந்தார். பேட்டில் கிரீக் என்ற ஊரில் இவர் அப்பா துடைப்பம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, துடைப்பக் குச்சி பிரிக்கும் வேலைக்கு விட்டுட்டாங்க. ஆனாலும் கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்தார். 12 வயதில் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு விடாமல் படித்து 1875-இல் நியூயார்க்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். துடைப்பம் கட்டிய பையன் டாக்டர் ஆனதை நினைத்தால் நமக்கும் தைரியம் வருது இல்லையா?

1876-இல், 24 வயதிலேயே பேட்டில் கிரீக் மருத்துவ இல்லத்துக்குத் தலைவர் ஆனார். அங்கே கறி, சாராயம், புகையிலை எதுவும் கிடையாது. தானியம், காய்கறி, பழம், நல்ல காற்று, உடற்பயிற்சி இவைதான் வைத்தியம். 1902-இல் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. அடுத்த வருஷமே அதைவிடப் பெரிதாகக் கட்டித் திறந்தார். கார் செய்த ஹென்றி ஃபோர்டு, விஞ்ஞானி எடிசன் எல்லாம் அங்கே போய்த் தங்கியிருக்காங்க.

இவருக்குக் கருவி செய்வதில் ரொம்ப ஆசை. அதில் ஒன்றுதான் ஆட்டும் நாற்காலி. மெத்தை கிடையாது, வெறும் மரம். அதில் உட்கார்ந்தால் இயந்திரம் உடம்பு முழுவதையும் வேகமாக அதிர வைக்கும். கை கால்களை உதறும் கருவி, வயிற்றைத் தட்டும் கருவி என்று இன்னும் பல இருந்தன. மலச்சிக்கல், தலைவலி, முதுகுவலி எல்லாம் இதனால் போகும் என்று அவர் நம்பினார். ஆனால் அப்படிப் போகும் என்று நிரூபிக்கப்படவில்லை.

அவருக்கும் அவர் மனைவி எல்லாவுக்கும் சொந்தப் பிள்ளை இல்லை. சுமார் 40 பிள்ளைகளை எடுத்து வளர்த்தாங்க. இது எவ்வளவு பெரிய மனசு! ஆனால் இதே டாக்டர்தான் மனிதர்களில் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரிக்கும் கொள்கையையும் பரப்பினார். அதற்காக 1914-இல் தன் ஊரில் மாநாடே நடத்தினார். அது பெரிய தப்பு. நல்லதை எழுதும்போது இதை மறைக்கக் கூடாது என்று நினைத்து எழுதுகிறேன்.

தானியத்தைச் செதிலாக்கும் முறைக்கு 1896-இல் காப்புரிமை வாங்கினார். தம்பி வில் பல வருஷம் அண்ணனிடம் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்தவர். 1906-இல் தனியாகக் கம்பெனி தொடங்கினார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனாங்க. 1920-இல் தம்பி ஜெயித்தார். அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்று போச்சு. கடைசிக் காலத்தில் அண்ணன் மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது தம்பி கைக்குப் போய்ச் சேரும்போது அண்ணன் உயிரோடு இல்லை. 14.12.1943 அன்று 91 வயதில் இறந்தார். தம்பியும் 91 வயது வரைதான் இருந்தார்.

இப்போ காரணத்தைச் சொல்றேன். எங்க பாட்டிக்கு மூட்டுவலி. டவுனில் ஒரு கடையில் அதிரும் பலகை மேல் இலவசமாக நிற்க வைத்தாங்க. பத்து நிமிஷம் நின்றால் ஒரு மணி நேரம் நடந்த மாதிரி, சர்க்கரையும் குறையும் என்று சொன்னாங்களாம். பாட்டி குழுவில் கடன் எடுத்து வாங்கலாம் என்று கிளம்பிட்டாங்க. அதனால்தான் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தப் பலகை நொடிக்கு 20 முதல் 50 தடவை வரை அதிரும். நம் தசைகள் அதற்கு ஏற்ப இறுகி இறுகித் தளரும். வயசானவங்களுக்குக் கால் பலம் கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நடைக்கும் மாத்திரைக்கும் அது ஈடாகாது. கர்ப்பிணிகள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவங்க, எலும்பு முறிந்தவங்க டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. நாள் முழுக்க அதிர்ந்தாலும் கெடுதல்தான். டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு முதுகுவலி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாட்டியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. தினமும் சாயங்காலம் நான் எண்ண, பாட்டி செய்றாங்க. எங்க வீட்டு நாற்காலி ஆடாது. கடனும் இல்லை!

டாக்டர் கெல்லாக்கிடம் நாம் கற்க வேண்டியது அவருடைய விடாமுயற்சி. விட வேண்டியது, நிரூபிக்காததை நம்புவதும் மனிதரைப் பிரித்துப் பார்ப்பதும். இன்னொன்று, யாரிடமாவது மன்னிப்புக் கேட்கணும் என்றால் இன்றைக்கே கேட்டுடுங்க. கடிதம் லேட்டாகிவிடும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி